அந்நிய டிஎன்ஏவை உள்வாங்கும் பாக்டீரியா: லாபநட்டத்தைக் கணக்கிடும் முறை

தொடக்கக்கல்லூரியில் எச்2 உயிரியல் படிக்கும் சில மாணவர்களுக்குச் சனிக்கிழமைதோறும் சிங்கப்பூரின் தோ பாயோவில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பாடம் சொல்லித் தருகிறேன். பாக்டீரியாவின் மரபியல் பகுதிக்கு வரும்போது அவர்கள் எழுதிக் கொண்டுவரும் கட்டுரைகளில் ஒரு வாக்கியம் ஏறக்குறைய தவறாமல் இடம்பெறுகிறது: “ஆன்டிபயாட்டிக்கை எதிர்க்கும் ஆற்றலைப் பெறுவதற்காகப் பாக்டீரியா வெளியிலிருந்து டிஎன்ஏவை உள்வாங்குகிறது.” இந்த வாக்கியத்தில் வரும் ‘பெறுவதற்காக’ என்ற சொல்லே என்னை இந்த வழிகாட்டியை எழுதத் தூண்டியது. ஒரு செயலால் எப்போதோ விளைந்த பயனும், அந்தச் செயல் பல கோடித் தலைமுறைகளாக நிலைத்திருப்பதற்கான காரணமும் ஒன்றாகவே இருக்கவேண்டும் என்பதில்லை. இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டால், பரிணாமம் குறித்த எந்தக் கேள்வியையும் துணிவோடு அணுகலாம். அப்படிப் பிரித்துப் பார்ப்பது எப்படி என்பதையே கீழே படிப்படியாக எழுதியிருக்கிறேன்.

முதலில், கணக்கு யாருடையது என்று கேளுங்கள்

அந்நிய டிஎன்ஏ ஒரு பாக்டீரியாவுக்குள் நுழைவதற்கு முதன்மையான வழிகள் மூன்று. கான்ஜுகேஷன் எனப்படும் இணைவில் இரண்டு உயிரணுக்கள் ஒட்டிக்கொள்ள, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பெரும்பாலும் பிளாஸ்மிட் என்னும் சிறு டிஎன்ஏ வளையம் நகலாகிச் செல்கிறது. டிரான்ஸ்டக்‌ஷன் எனப்படும் ஊடுகடத்தலில், பாக்டீரியாவைத் தாக்கும் ஃபேஜ் வைரஸ் தன் டிஎன்ஏவோடு சேர்த்தோ அதற்குப் பதிலாகவோ பழைய ஓம்புயிரின் டிஎன்ஏத் துண்டைச் சுமந்து வந்து புதிய ஓம்புயிருக்குள் செலுத்திவிடுகிறது. டிரான்ஸ்பர்மேஷன் எனப்படும் இயல்புமாற்றத்தில், சுற்றுப்புறத்தில் சிதறிக் கிடக்கும் டிஎன்ஏவைப் பாக்டீரியா தானாகவே உள்ளிழுத்துக்கொள்கிறது. 1928இல் ஃபிரெடெரிக் கிரிஃபித் எலிகளைக் கொண்டு செய்த சோதனையும், அதில் மாற்றத்தை உண்டாக்கிய பொருள் டிஎன்ஏவே என்று 1944இல் ஏவரி, மெக்லியோட், மெக்கார்ட்டி ஆகிய மூவரும் காட்டியதும் இந்த மூன்றாம் வழியைப் பற்றியவை.

பாடப்புத்தகத்தில் இந்த மூன்றும் ஒரே அட்டவணையில் அருகருகே நிற்பதால், மூன்றுக்கும் ஒரே லாபநட்டக் கணக்குப் போதும் என்ற எண்ணம் மாணவர்களுக்கு எளிதில் வந்துவிடுகிறது. ஆனால், இந்த வேலையைச் செய்யும் மரபணுக்கள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். இணைவுக்கு வேண்டிய பாலத்தைக் கட்டும் மரபணுக்கள் பொதுவாகப் பிளாஸ்மிட்டிலேயே இருக்கின்றன. ஊடுகடத்தலுக்கு வேண்டியவை வைரஸினுடையவை. இயல்புமாற்றத்தில் மட்டும்தான் டிஎன்ஏவைப் பிடித்து உள்ளே இழுக்கும் கருவிகள் அனைத்தும் பெறுகின்ற பாக்டீரியாவின் சொந்தக் குரோமோசோமில் எழுதப்பட்டிருக்கின்றன. ஆகவே, ஒரு பிளாஸ்மிட் தன்னைச் சுமக்கும் பாக்டீரியாவுக்குச் சுமையாகவே இருந்தாலும், புதிய பாக்டீரியாக்களுக்குள் போதிய வேகத்தில் பரவ முடிந்தால் அது உலகில் நிலைத்துவிடும். அதன் கணக்கில் லாபம் பிளாஸ்மிட்டுக்கு, நட்டம் பாக்டீரியாவுக்கு. இயல்புமாற்றத்துக்கு இந்த விளக்கம் பொருந்தாது. அங்கே பாக்டீரியா தன் சொந்தச் செலவில் கதவைத் திறக்கிறது என்பதால், அதன் சொந்தக் கணக்கில் ஏதோ ஒரு வரவு இருந்தே ஆகவேண்டும். எந்தக் கட்டுரையைத் தொடங்கும் முன்பும் இந்த ஒரு கேள்விக்கான விடையைத் தாளின் மேலே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

செலவுகளைக் கால வரிசையில் எழுதுங்கள்

செலவுகளை ஒரே குவியலாகக் கொட்டாமல், அவை எப்போது வந்து விழுகின்றன என்ற வரிசையில் எழுதினால் பாதிக் குழப்பம் தீரும். டிஎன்ஏ உள்ளே வருவதற்கு முன்பே செலவு தொடங்கிவிடுகிறது. அதை உள்ளிழுக்கத் தயாராக இருக்கும் நிலையை ஏற்புநிலை என்று இங்கே குறிப்பிடுகிறேன். மண்ணில் வாழும் பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற பாக்டீரியாவை ஆய்வகத்தில் வளர்க்கும்போது, உணவு தீரும் கட்டத்தில் ஏறத்தாழ 10 முதல் 20 சதவீத உயிரணுக்கள் மட்டுமே ஏற்புநிலைக்குச் செல்கின்றன. சென்றவை பிளவுபடுவதை நிறுத்திவிடுகின்றன. புதிய உணவு கிடைத்த பின்னரும் சிறிது நேரம் பின்தங்கியே நிற்கின்றன. நிமோனியாவை உண்டாக்கும் நிமோகாக்கஸில் ஏற்புநிலை சுமார் அரை மணி நேரமே நீடித்து மூடிக்கொள்கிறது. ஒரு திறன் சிலரிடம் மட்டும், சிறிது நேரத்துக்கு மட்டும் திறக்கப்படுகிறது என்றால், அதை எப்போதும் திறந்து வைத்திருப்பது கட்டுப்படியாகாத செலவு என்று நான் புரிந்துகொள்கிறேன். மாணவர்களும் இத்தகைய கட்டுப்பாட்டைச் செலவுக்கான சான்றாகக் காட்டலாம்.

டிஎன்ஏ உள்ளே வந்த பின்னர் வேறு வகைச் செலவுகள் எழுகின்றன. வந்த துண்டு நன்றாக இயங்கிக்கொண்டிருந்த மரபணுவை மாற்றிவிடலாம். ஒன்றோடொன்று இசைந்து பழகிய புரதங்களுக்கு நடுவே பொருந்தாத ஒன்றைக் கொண்டுவந்து சேர்க்கலாம். உறங்கும் வைரஸ் ஒன்றையோ, தன்னைத்தானே நகலெடுத்துத் தாவும் துணுக்கு ஒன்றையோ கூட்டி வரலாம். இந்த ஆபத்துகள் கற்பனையல்ல என்பதற்குப் பாக்டீரியாக்கள் வைத்திருக்கும் காவல் ஏற்பாடுகளே சாட்சி. பாக்டீரியா தன் டிஎன்ஏவில் இடும் வேதி அடையாளம் இல்லாத டிஎன்ஏவை வெட்டும் நொதிகள், முன்பு தாக்கிய வைரஸை நினைவில் வைக்கும் கிரிஸ்பர், சால்மொனெல்லா போன்றவற்றில் டிஎன்ஏ எழுத்துகளான அடினினும் தைமினும் மிகுந்த அந்நிய மரபணுக்களை வாயடைக்கும் எச்-என்எஸ் என்ற புரதம் எனப் பல உண்டு.

இந்த இடத்தில் சற்று நின்று நிமோகாக்கஸின் ஓர் ஏற்பாட்டைப் பார்க்கவேண்டும். எனக்கு இது மிகவும் பிடித்தமான சான்று. அதன் சில வகைகளில், வைரஸ் கொண்டுவரும் அடையாளமற்ற இரட்டை இழை டிஎன்ஏவை வெட்டியெறியும் நொதி ஒன்று இருக்கிறது. இயல்புமாற்றத்தின் வழியாக வரும் டிஎன்ஏவோ ஒற்றை இழையாக நுழைகிறது. அந்த ஒற்றை இழைக்கு அடையாளக் குறியிடும் தனி நொதி ஒன்றை ஏற்புநிலையின்போது அதே உயிரணு அதிகமாக உண்டாக்குகிறது. வாசலில் காவலாளியையும் நிறுத்தி, தான் அழைத்த விருந்தாளிக்கு மட்டும் அனுமதிச் சீட்டும் கொடுக்கிற ஏற்பாடு இது. அந்நிய டிஎன்ஏ எப்போதும் தீமை என்றால் சீட்டு தேவையில்லை; எப்போதும் நன்மை என்றால் காவல் தேவையில்லை. இரண்டும் ஒரே மரபணுத் தொகுப்பில் அருகருகே இருப்பதைக் காட்டும் மாணவர், லாபமும் நட்டமும் வழியைப் பொறுத்து மாறுகின்றன என்பதை ஒரே எடுத்துக்காட்டில் நிறுவிவிடுவார்.

மூன்றாவது வகைச் செலவு தலைமுறைகளில் பரவிக் கிடப்பது. இதை எண்ணைக் கொண்டு பார்த்தால்தான் மனத்தில் பதியும். ஒரு பிளாஸ்மிட் தன்னைச் சுமக்கும் பாக்டீரியாவின் பெருக்கத்தை ஒவ்வொரு தலைமுறையிலும் 2 சதவீதம் குறைப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இது கணக்குக்காக நான் எடுத்துக்கொண்ட எண். சுமப்பவையும் சுமக்காதவையும் சம எண்ணிக்கையில் தொடங்கினால், 100 தலைமுறைக்குப் பின் இரண்டுக்கும் இடையிலான விகிதம் 0.98ஐ நூறு முறை பெருக்கினால் வரும் எண்ணாக, அதாவது சுமார் 0.13ஆக இருக்கும்: சுமக்காதவை 100 என்றால் சுமப்பவை 13. ஆனால், அந்தப் பிளாஸ்மிட் ஓர் ஆன்டிபயாட்டிக்கை எதிர்க்கும் மரபணுவைக் கொண்டிருந்து, 101ஆம் தலைமுறையில் அந்த மருந்து வந்துவிட்டால், அந்த 100உம் மடிய 13 மட்டும் மிஞ்சும். சிறிய, ஓயாத செலவையும் அரிதான, பெரிய வரவையும் சராசரியாக்கிப் பார்க்க முடியாது என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது. மருந்து எத்தனை தலைமுறைக்கு ஒருமுறை வருகிறது என்பதே அங்கே முடிவைத் தீர்மானிக்கிறது.

செலவு நிலையானது என்றும் எண்ணிவிடாதீர்கள். பவ்மா, லென்ஸ்கி ஆகிய இருவர் 1988இல் வெளியிட்ட ஆய்வில், பிளாஸ்மிட் சுமந்த ஈ. கோலை என்ற குடல் பாக்டீரியாவை மருந்துள்ள ஊடகத்தில் 500 தலைமுறை வளர்த்தார்கள். தொடக்கத்தில் பிளாஸ்மிட் ஒரு சுமையாக இருந்தது. இறுதியில், மருந்தே இல்லாத ஊடகத்திலும், பிளாஸ்மிட்டோடு இருந்த பாக்டீரியாவே அது நீக்கப்பட்ட தன் உடன்பிறப்பைவிட நன்றாக வளர்ந்தது. பாக்டீரியா தன் சுமைக்கேற்பத் தோளைப் பழக்கிக்கொண்டது. மருந்தை நிறுத்திவிட்டால் எதிர்ப்பாற்றல் தானாக மறைந்துவிடும் என்று எழுதும் பழக்கம் உள்ளவர்கள் இந்த முடிவை இருமுறை படிக்கவேண்டும்.

ஒவ்வொரு நன்மைக்கும் ஒரு சோதனையை வையுங்கள்

நன்மைகளைச் சொல்வது எளிது. எந்த நன்மை உண்மையில் இயற்கைத் தேர்வின் காரணமாக இருந்தது என்று பிரிப்பதுதான் கடினம். ஒவ்வொரு கருத்தையும் எழுதியவுடன், “இது சரியானால் பாக்டீரியாவில் வேறு எதைக் காணவேண்டும்?” என்ற கேள்வியையும் அதன் அடியில் எழுதுங்கள்.

ஒரு மாணவி ஒருமுறை என்னிடம், “டீச்சர், டிஎன்ஏ அதற்கு வெறும் சாப்பாடாக இருக்கக் கூடாதா?” என்று கேட்டாள். மிக நல்ல கேள்வி. ரோஸ்மேரி ரெட்ஃபீல்டு என்ற ஆய்வாளர் நெடுங்காலமாக வலியுறுத்திவரும் கருத்தும் அதுவே. டிஎன்ஏவின் கட்டுமானப் பொருளான நியூக்ளியோட்டைடைப் புதிதாக உண்டாக்குவதற்கு நிறைய ஆற்றல் தேவை. வெளியில் கிடப்பதை எடுத்துக்கொள்வது மலிவு. உணவுக் கருத்து சரியானால், பசியின்போது ஏற்புநிலை திறக்கவேண்டும், நியூக்ளியோட்டைடு மிகுந்திருந்தால் மூடவேண்டும். ஹீமோஃபிலஸ் இன்ஃபுளுயென்சா என்ற பாக்டீரியாவில் அப்படியே நடக்கிறது. ஆனால், மறுபக்கமும் உண்டு. வெறும் உணவு என்றால், உள்ளே வந்த இழையை உடனே சிதைத்துத் தின்றிருக்கவேண்டும். மாறாக, டிபிஆர்ஏ, ரெக்ஏ போன்ற புரதங்கள் அந்த இழையைப் போர்த்திக் காத்துக் குரோமோசோமிடம் கொண்டுசேர்க்கின்றன. அந்த மாணவியிடம் இரண்டு பக்கத்தையும் சொல்லிவிட்டு, முடிவை அவளிடமே விட்டுவிட்டேன். பசித்த ஹீமோஃபிலஸுக்கு உணவு ஒரு காரணமாக இருக்கலாம் என்றும், அது மட்டுமே எல்லா இனங்களுக்கும் பொருந்தும் என்று சொல்ல முடியாது என்றும் அவள் எழுதிவந்தாள். நானாக இருந்தாலும் அவ்வளவுதான் எழுதியிருப்பேன்.

பழுதுபார்ப்பு இரண்டாவது கருத்து: சேதமடைந்த தன் குரோமோசோமைச் சீராக்குவதற்கு வெளியிலிருந்து ஒரு நகலைப் பெறுவது. இது சரியானால், டிஎன்ஏ சேதமடையும்போது ஏற்புநிலை தூண்டப்படவேண்டும். பேசில்லஸ் சப்டிலிஸிலும் ஹீமோஃபிலஸிலும் அப்படித் தூண்டப்படவில்லை என்று 1993இல் காட்டப்பட்டது; நிமோகாக்கஸிலும், வயிற்றுப்புண்ணை உண்டாக்கும் ஹெலிகோபேக்டர் பைலோரியிலும் தூண்டப்படுகிறது. அதிலும் நிமோகாக்கஸில் சில ஆன்டிபயாட்டிக்குகளே ஏற்புநிலையைத் தூண்டுகின்றன என்று 2006இல் வெளியான ஆய்வு மருத்துவர்களையும் கவலைகொள்ள வைத்தது. எனவே, ‘பாக்டீரியா’ என்று பொதுவாக எழுதாமல், இனத்தின் பெயரை ஒவ்வொரு வாக்கியத்திலும் எழுதும் ஒழுக்கத்தைக் கைக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, புதிய சேர்க்கைகள். பாலின இனப்பெருக்கம் இல்லாத ஓர் உயிரினத்தில் ஒரு நல்ல பிறழ்வு, அதாவது டிஎன்ஏவில் நேரும் மாற்றம், ஒரு கால்வழியிலும், இன்னொரு நல்ல பிறழ்வு மற்றொரு கால்வழியிலும் தோன்றினால், இரண்டும் ஒன்றையொன்று எதிர்த்துப் போட்டியிட்டு ஒன்று அழியும். வெவ்வேறு உயிரணுக்களின் டிஎன்ஏத் துண்டுகள் கலக்கும் மறுசேர்க்கை இருந்தால் இரண்டும் ஒரே உடலில் சேரும்; கெட்ட பிறழ்வுகளும் நல்லவற்றிலிருந்து பிரிந்து கழியும். ஆனால், சுற்றுப்புறத்தில் கிடக்கும் டிஎன்ஏ பெரும்பாலும் செத்தவர்களுடையது. செத்தவர்களிடம் கெட்ட மரபணுக்கள் சராசரியைவிட மிகுந்திருக்க வாய்ப்புண்டு. உயிரோடு இருப்பவருடன் கலப்பதும் இறந்தவருடைய உடைமையை எடுத்துக்கொள்வதும் ஒரே பேரம் அல்ல என்ற இந்த நுட்பமான தடையையும் 1988இல் ரெட்ஃபீல்டே எழுப்பினார்.

டிஎன்ஏவின் சொந்தக்காரரைத் தேடுங்கள்

அந்தத் தடைக்கு விடை தேடும்போதுதான் இந்தப் பாடம் உண்மையிலேயே சுவையாகிறது. சில பாக்டீரியாக்கள் எந்த டிஎன்ஏவையும் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பதில்லை. ஹீமோஃபிலஸ் 9 டிஎன்ஏ எழுத்து நீளமுள்ள ஒரு குறியீடு உள்ள துண்டுகளையே விரும்பி எடுக்கிறது. அந்தக் குறியீடு அதன் மரபணுத் தொகுப்பில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் இருக்கிறது. ஆகவே, அது எடுப்பது பெரும்பாலும் தன் இனத்தாரின் டிஎன்ஏ. நிமோகாக்கஸோ, ஏற்புநிலைக்குள் நுழைந்தவுடன், அந்நிலைக்கு வராத தன் உடன்பிறப்புகளையே உடைத்துக் கொல்லும் புரதத்தைச் சுரக்கிறது. அப்படியானால் அங்கே கிடைக்கும் டிஎன்ஏ, தகுதி குறைந்து தானாகச் செத்தவருடையது அல்ல. சற்று முன்புவரை நலமாக வாழ்ந்தவருடையது.

காலராவை உண்டாக்கும் விப்ரியோ காலரேயின் கதை நம் ஈரச்சந்தையிலேயே தொடங்கலாம். இறாலையும் நண்டையும் வாங்கும்போது நாம் பார்க்கும் ஓட்டில் உள்ள கைட்டின் என்ற பொருளே கடலில் இந்தப் பாக்டீரியாவின் இருப்பிடமும் உணவும் ஆகும். கைட்டினின்மேல் படிந்து வளரும்போது அது ஏற்புநிலைக்குச் செல்கிறது என்று 2005இல் தெரியவந்தது. அதே வேளையில், பக்கத்தில் இருக்கும் வேற்று உயிரணுக்களை நச்சு ஈட்டியால் குத்தும் கருவியும் இயங்கத் தொடங்குகிறது என்றும், குத்தப்பட்டவை சிந்தும் டிஎன்ஏவை அது எடுத்துக்கொள்கிறது என்றும் 2015இல் மெலனி பிளொகெஷின் ஆய்வுக்குழு காட்டியது. 1992இன் இறுதியில் சென்னையில் முதலில் கண்டறியப்பட்ட ஓ139 என்ற காலரா வகை, பழைய ஓ1 வகை தன் மேலுறைக்கான மரபணுத் தொகுதியை வேறொன்றுக்கு மாற்றிக்கொண்டதால் பிறந்தது. ஓ1க்கு எதிராக மக்கள் பெற்றிருந்த நோயெதிர்ப்பு அதற்குப் பலிக்கவில்லை. இத்தகைய உறை மாற்றம் கைட்டினின்மேல் இயல்புமாற்றத்தால் நடக்கமுடியும் என்று பின்னர் ஆய்வகத்தில் செய்து காட்டினார்கள். நடக்கமுடியும் என்பதும் சென்னையில் அப்படித்தான் நடந்தது என்பதும் வேறு வேறு கூற்றுகள். எழுதும்போது இந்த வேறுபாட்டைக் காத்துக்கொள்ளுங்கள்.

சோதனைகளை ஒப்பிடும்போது

ஹெலிகோபேக்டர் பைலோரியில் டிஎன்ஏவை உள்வாங்க வல்லவற்றையும் அத்திறன் நீக்கப்பட்டவற்றையும் தனித்தனியே நீண்ட காலம் வளர்த்து ஒப்பிட்ட 2008ஆம் ஆண்டு ஆய்வில், வல்லவை புதிய சூழலுக்கு வேகமாகத் தகவமைந்தன. மாறாக, இயல்பாகவே மிகச் சிறந்த ஏற்புத்திறன் கொண்ட அசினெட்டோபேக்டர் பெய்லியை ஆய்வகத்தில் பல நூறு தலைமுறை வளர்த்தபோது, அதன் ஏற்புத்திறன் விரைவில் தேய்ந்தது என்று 2006இல் வெளியான ஆய்வு கூறியது. ஒன்று உண்மை, மற்றொன்று பிழை என்று தீர்ப்பளிக்க வேண்டாம். இனம், உணவு, சுற்றிலும் இருந்த டிஎன்ஏவின் வளம், கூட்டத்தில் இருந்த மரபு வேறுபாடு ஆகியவற்றை இரண்டு ஆய்வுகளுக்கும் பக்கம் பக்கமாக எழுதி, எந்த வேறுபாடு முடிவை மாற்றியிருக்கக்கூடும் என்று ஊகிப்பதே பயனுள்ள பயிற்சி.

பிள்ளைகளின் தடுப்பூசிப் பட்டியலிலிருந்து ஒரு பயிற்சி

சிங்கப்பூரில் குழந்தைகளுக்கான தேசியத் தடுப்பூசி அட்டவணையில் நிமோகாக்கல் தடுப்பூசியும் இருப்பதால், இந்தக் கடைசிப் பயிற்சி வீட்டுக்கு மிக நெருக்கமானது. நிமோகாக்கஸின் பிஎம்இஎன்1 என்ற உலகெங்கும் பரவிய கால்வழியைச் சேர்ந்த 240 மாதிரிகளின் மரபணுத் தொகுப்பை முழுமையாகப் படித்த ஆய்வு 2011இல் வெளியானது. அவற்றிடையே காணப்பட்ட எழுத்து மாற்றங்களில் ஏறத்தாழ 88 சதவீதம் பிறழ்வால் வந்தவை அல்ல. 700க்கும் மேற்பட்ட மறுசேர்க்கை நிகழ்வுகளால் வெளியிலிருந்து வந்தவை. அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு அறிமுகமான 7 உறை வகைகளுக்கு எதிரான தடுப்பூசியில் இல்லாத 19ஏ என்ற உறையைச் சில கிளைகள் பெற்றிருந்தன. இப்போது நம் பழைய வாக்கியத்தை இங்கே வைத்துப் பாருங்கள்: “தடுப்பூசியிலிருந்து தப்புவதற்காக நிமோகாக்கஸ் உறையை மாற்றிக்கொண்டது.” ஆனால், அமெரிக்காவில் பரவிய 19ஏ கிளையில் அந்த உறைமாற்றம் தடுப்பூசி வருவதற்கு முன்பே நிகழ்ந்துவிட்டது என்றே ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். தடுப்பூசி அந்த மாற்றத்தை உண்டாக்கவில்லை. ஏற்கெனவே ஓரத்தில் இருந்த ஒன்றுக்கு, போட்டியாளர்களை அகற்றி, இடம் கொடுத்தது. பின்னர் வந்த 13 வகைத் தடுப்பூசியில் 19ஏயும் சேர்க்கப்பட்டது. இந்தப் பத்தியை ‘பெறுவதற்காக’, ‘தப்புவதற்காக’ ஆகிய சொற்கள் இல்லாமல் உங்கள் சொந்த நடையில் எழுதிப் பார்க்கவேண்டும் என்பதே பயிற்சி.

அதை முடித்தவர்கள் இன்னும் ஒரு தடயத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். நிமோகாக்கஸின் சில மாதிரிகளில், டிஎன்ஏவை உள்ளிழுக்கும் கருவிக்கான ஒரு மரபணுவின் நடுவே ஃபேஜ் வைரஸின் டிஎன்ஏ செருகிக்கொண்டு அதை முறித்துப் போட்டிருக்கிறது. இயல்புமாற்றத்தால் ஒரு பாக்டீரியா தன் உறவினரின் தூய துண்டை வாங்கி, தன்னுள் ஒட்டிக்கொண்ட வைரஸ் டிஎன்ஏவை அதனால் மாற்றி வெளியேற்றிவிட முடியும் என்று 2016இல் சில ஆய்வாளர்கள் முன்வைத்த கருத்தோடு இதைச் சேர்த்துப் பார்த்தால், ஒட்டுண்ணி எந்த மரபணுவை முறித்தது என்பதற்குப் பொருள் கிடைக்கிறது. தன்னை வெளியே தள்ளக்கூடிய கதவின் தாழ்ப்பாளையே அது உடைத்திருக்கிறது. அந்தக் கணக்கை யாருடைய பெயரில் எழுதுவது என்று முதல் படியில் கேட்ட கேள்விக்கு இங்கே இரண்டு பெயர்கள் வருகின்றன. இரண்டுக்கும் தனித்தனி வரவும் செலவும் எழுதுங்கள்.